திருப்பி அணிந்த சட்டை

கரப்பந்தாட்டம் எம்மவர்க்குப் புதியதன்று. ஊர் வெளிகளில் வலை கட்டி மாலைப் பொழுதுகளில் ஆடிய நினைவு எம் பெற்றோர் பலருக்கு உண்டு. அவ்வாட்டத்தையே மணலில், பக்கத்துக்கு இருவராக நின்று ஆடுவது கடற்கரைக் கரப்பந்தாட்டம் ஆகும். இதில் மாற்று ஆட்டக்காரர் இல்லை. கால் புதையும் மணலில் ஓடியும் பாய்ந்தும் இருவரே தம் பக்கம் முழுவதையும் காத்தல் வேண்டும். இவ்வாட்டத்தில் உலகப் புகழ் பெற்றவரும், பெண்களின் சம உரிமைக்காகக் குரல் கொடுத்தவருமான ஜாக்கி சில்வாவின் வாழ்வை இங்குக் காண்போம்.

ஜாக்கி 1962ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் பிறந்தார். பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடலாகாது என்று 1941இல் அந்நாட்டு அரசு ஆணையிட்டது. உதைபந்தாட்டம் முதலியன அதன் பேரில் பெண்களுக்கு மறுக்கப்பட்டன. 1979 வரை அத்தடை நீடித்தது. கரப்பந்தாட்டத்துக்குத் தடை இருக்கவில்லை. ஆயினும் சமமான மதிப்பும் இருக்கவில்லை.

அறுவர் ஆடும் உள்ளரங்க அணியில் பந்தை உயர்த்திக் கொடுப்பவராக ஜாக்கி விளங்கினார். 1980இல் மொஸ்கோவிலும் 1984இல் லொஸ் ஏஞ்சல்சிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் தம் நாட்டுக்காக ஆடினார். அக்காலத்தில் விளம்பரதாரரின் பெயர் பொறித்த சட்டையை ஆண்களும் அணிந்தனர், பெண்களும் அணிந்தனர். பணமோ ஆண்களுக்கே கிடைத்தது. இது முறையோ என ஜாக்கி வினவினார். 1985இல், விளம்பரம் தெரியாதவாறு சட்டையின் உட்புறத்தை வெளியாக்கி அணிந்தார். அதன் விளைவாகத் தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

அணியை இழந்தவர் ஆட்டத்தை இழக்கவில்லை. அமெரிக்கா சென்று கடற்கரை ஆட்டத்தில் ஈடுபட்டு, அங்கும் முன்னணி வீராங்கனையானார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கடற்கரைக் கரப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 34 வயதான ஜாக்கி, தம்மினும் 11 ஆண்டு இளையவரான சாண்ட்ரா பிரெஸ் என்பவருடன் இணைந்து களமிறங்கினார். இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றவர்களும் பிரேசில் நாட்டவரே. 12-11, 12-6 என்னும் கணக்கில் வென்று ஜாக்கியும் சாண்ட்ராவும் தங்கப் பதக்கம் பெற்றனர். பிரேசில் பெண்ணொருவர் முதன்முதலாக ஒலிம்பிக்கில் பங்குபற்றியது 1932இல். அந்நாட்டுப் பெண்கள் தங்கம் வெல்ல 64 ஆண்டுகள் சென்றன.

மாணவர்களே, ஒன்றை நாம் மறத்தலாகாது. தங்கம் வென்றதனால் ஜாக்கி கேட்டது நியாயமாகிவிடவில்லை. பதக்கம் எதுவும் இல்லாத 1985இலேயே அது நியாயமாக இருந்தது. நியாயம் கேட்போர் எல்லோருக்கும் பரிசு கிடைப்பதில்லை; இழப்பே பலருக்கு மிஞ்சுகின்றது. அதை அறிந்தும் கேட்பதே துணிவு. பெற்றோராகிய நாமும், எம் வீட்டு மகனுக்கு அளிக்கும் வாய்ப்பை மகளுக்கும் அளிக்கின்றோமா என எம்மையே கேட்டுப் பார்த்தல் நன்று.

வினாக்கள்

1. ஜாக்கி தம் சட்டையைத் திருப்பி அணிந்ததன் காரணம் யாது?
2. உள்ளரங்க ஆட்டத்துக்கும் கடற்கரை ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு தருக.
3. நீங்கள் அவ்வணியில் இருந்திருப்பின் என்ன செய்திருப்பீர்கள்? ஐந்து வசனங்களில் எழுதுக.