கடிகாரத்துக்கு ஒரே முதலாளி

"சர்வரில் நேரம் தப்பு" என்று டிக்கெட் வந்தால் பலரும் நேரத்தைக் கையால் திருத்திவிட்டு டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். மறுநாள் அதே டிக்கெட் திரும்ப வருகிறது. திருத்திய நேரம் நிலைக்கவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று அதை மாற்றிக்கொண்டிருக்கிறது. அது எது என்று தெரியும்வரை கடிகாரத்தைத் தொடாதீர்கள்.

முதலில் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் டைம்ஸோன் அமைப்பில்தான் பிழை. ஒத்திசைவுச் சேவையைக் குடைய வேண்டாம். சில விநாடி, சில நிமிடம் என்று ஏறி இறங்கினால் மேலே படியுங்கள்.

லினக்ஸில் தேட வேண்டியவை மூன்று: சிஸ்டம்டி-டைம்சிங்க்டி, குரோனி, பழைய என்டிபிடி. மூன்றின் நிலையையும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் தனித்தனியாகப் பாருங்கள். யுடிபி 123 போர்ட்டில் மோதல் இல்லை என்பதால் ஒன்றுதான் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குரோனி வெறும் கிளையன்டாக இருக்கும்போது அந்தப் போர்ட்டைப் பிடிப்பதில்லை. என்டிபிடியோடு சத்தமில்லாமல் சேர்ந்தே ஓடும். இரண்டும் ஒரே கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒன்று செய்த திருத்தத்தை மற்றது கடிகாரத்தின் பிழை என்று எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் இழுக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தி, மாஸ்க் செய்துவிடுங்கள். ரெட் ஹாட் 8 முதல் என்டிபிடியே கிடையாது. குரோனியைப் பழகிக்கொள்வது நல்லது.

அதிகம் கண்ணில் படாத இடம் விர்ச்சுவல் மெஷின். விஎம்வேரில் நேர ஒத்திசைவை அணைத்துவிட்டோம் என்று நினைப்போம். ஆனால் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதும், மெஷின் ஒரு ஹோஸ்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் ஒருமுறை ஹோஸ்ட்டின் நேரம் உள்ளே வந்துவிடலாம். அதற்கான அமைப்பு தனி. ராத்திரி பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் லாகில் நேரம் குதித்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஹோஸ்ட்டுக்கு என்டிபி சர்வர் கொடுத்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

விண்டோஸில் டபிள்யூ32டிஎம் கட்டளையிடம் மூலம் எது என்று கேளுங்கள். டொமைன் கன்ட்ரோலரில் 'விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் புரொவைடர்' என்று பதில் வந்தால் அது ஹைப்பர்-வி கொடுக்கும் நேரம். அந்த ஹோஸ்ட்டும் அதே டொமைனில் இருந்தால் ஹோஸ்ட் கன்ட்ரோலரைக் கேட்கும், கன்ட்ரோலர் ஹோஸ்ட்டைக் கேட்கும். இரண்டும் சேர்ந்தே விலகிப்போகும். பிடிசி எமுலேட்டர் மட்டும் வெளி மூலத்தை நம்பட்டும், மற்றவை டொமைன் வரிசைப்படி எடுத்துக்கொள்ளட்டும். வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் கெர்பரோஸ் லாகினை மறுக்கத் தொடங்கும். பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் ஊழியர்கள் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலங்களே முரண்படலாம். குரோனியின் சோர்சஸ் பட்டியலில் நட்சத்திரம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. எக்ஸ் இருந்தால் அது பொய் சொல்கிறது என்று ஒதுக்கியிருக்கிறது. ரீச் 377 என்றால் கடைசி எட்டு முறையும் பதில் வந்திருக்கிறது. இரண்டே சர்வர் கொடுத்தால் எது பொய் என்று தீர்மானிக்க வழியில்லை, குறைந்தது நான்கு கொடுங்கள். இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணங்கியிருக்க வேண்டும் என்கிறது. ஆடிட்டில் கேட்பார்கள்.

திருத்தும்போது அவசரம் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் நேரத்தைச் சட்டென்று பின்னால் தள்ளினால் பதிவுகளின் வரிசையே குழம்பும். சிறிய வித்தியாசத்தைக் குரோனி மெதுவாகச் சரிசெய்யட்டும். பெரிய வித்தியாசம் என்றால் அப்ளிகேஷனை நிறுத்த அனுமதி வாங்கி, மேக்ஸ்டெப் கொடுத்து ஒரேயடியாக மாற்றுங்கள். எதை நிறுத்தினீர்கள், எதை விட்டுவைத்தீர்கள், ஏன் என்று டிக்கெட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் நிறுத்திய சேவையைத் திரும்ப ஓடவிடாமல் இருக்க அந்த மூன்று வரி போதும்.

மூடுவதற்கு முன் ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். ஓர் இரவு பேக்கப் முடியும்வரை டிக்கெட்டைத் திறந்தே வையுங்கள்.