கதிரவன் தரும் எரிபொருள்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் நொய்யல் ஆறு, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்திலே காவிரியுடன் கலக்கின்றது. அதன் கரையிலமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரம். அங்குப் பின்னப்படும் பனியன் துணி, வெளுக்கப்பட்டுச் சாயமேற்றப்பட்ட பின்னரே ஆடையாகின்றது. இவ்விரு வேலைகளுக்கும் நீர் மிகுதியாக வேண்டும். பயன்பட்ட நீரோ, சாயத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு வெளியேறும்.

பாசனத்தின்பொருட்டு நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டு அணையொன்று கட்டி முடிக்கப்பட்டது. ஆனால், அதில் தேங்கியது பயிருக்கு உதவாத சாயக்கழிவு நீரே. நிலமும் கிணறும் கெடக் கண்ட உழவர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இன்று சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி வடிக்கின்றன. எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்குகின்றன. தூய்மையுற்ற நீர் மீண்டும் பட்டறைக்கே செல்கின்றது. இஃது உயர்ந்த ஏற்பாடே. எனினும், இதற்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. ஆற்றைக் காக்கும் முயற்சியிலே வானில் புகை சேருமாயின், ஒரு தீமையை நீக்கி மற்றொன்றை வரவழைத்தவர் ஆவோம் அன்றோ? இவ்விடர் தீர அறிவியலறிஞர் நாடும் வழிகளுள் ஒன்றை ஈண்டுக் காண்போம்.

ஹைட்ரஜன் என்னும் வாயு எரியும்போது கரிப்புகை உண்டாவதில்லை, நீராவியே உண்டாகின்றது. ஆதலின் அது தூய எரிபொருள் எனப் போற்றப்படுகின்றது. ஆனால், உலகில் இன்று பயன்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கப்படுகின்றது. அம்முறையில் கரியமில வாயு வெளிப்படுகின்றது. நீரிலும் ஹைட்ரஜன் உண்டு. கதிரவன் ஒளியைக்கொண்டே நீரைப் பிளக்க இயலுமாயின், அந்த எரிபொருள் முற்றிலும் தூயதாகும்.

இப்பணிக்கு உதவும் பொருள்களுள் ஒன்று, டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொடி. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டு என்னும் கனிமம் கிடைக்கின்றது. அத்தகைய கனிமத்திலிருந்தே இப்பொடி செய்யப்படுகின்றது. சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தருவது இது. செயற்கை இழைகளின் பளபளப்பைக் குறைப்பதும் இதுவே.

இப்பொடியின்மீது தக்க ஒளி பட்டால், அதனுள் அடங்கியிருக்கும் எலக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று மேலெழுகின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் நீரிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்ள, பிராணவாயு பிரிகின்றது. மேலெழுந்த எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. பொடியோ குறைவதில்லை. தான் மாறாது பிற பொருள்களின் வினையைத் தூண்டுவதாலும், அதற்கு ஒளியைத் துணைக்கொள்வதாலும், இஃது ஒளி வினையூக்கி எனப்படும். டைட்டானியம் டை ஆக்சைடு முனையில் ஒளியைப் பாய்ச்சினால் நீர் பிளவுறுவதை, ஜப்பானியரான பூஜிஷிமா, ஹோண்டா என்னும் இருவரும் 1972ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர்.

எனினும் இப்பொடிக்கு இரு குறைகள் உள. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களையே இது பயன்கொள்ளும். தரையை வந்தடையும் கதிரவன் ஆற்றலில் அக்கதிர்கள் 100க்கு ஏறத்தாழ 5 பங்கே. மேலும், எழுந்த எலக்ட்ரான் பெரும்பாலும் தன் பழைய இடத்திற்கே திரும்பிவிடுகின்றது. பெற்ற ஆற்றல் வெப்பமாகி வீணாகின்றது.

இங்குத்தான் கரி துணைபுரிகின்றது. கரியணுக்கள் பொடியின் படிகத்தினுள் புகுந்தால், கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் ஒரு பகுதியை அது ஏற்கும். கிராபீன் போன்ற கரிப்பொருள்களைச் சேர்த்தால், அவை எலக்ட்ரான்களை விரைந்து கடத்தி, அவை பழைய இடம் திரும்பாதவாறு தடுக்கின்றன. இயற்கை வாயுச் சுடரில் டைட்டானியத் தகட்டைச் சுட்டுக் கரியேற்றிய ஆய்வொன்று 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. அதில் கூறப்பட்ட உயர்ந்த திறனைக் குறித்துப் பிற அறிஞர் ஐயம் எழுப்பினர். ஒருவர் கூற்றைப் பலர் சோதித்தறிவதே அறிவியலின் நெறியாகும். ஐயம் எழுந்ததனால் ஆய்வு நின்றுவிடவில்லை. இன்றும் பல நாடுகளில் நடைபெறுகின்றது.

சாயக்கழிவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது? நீரைக் காட்டிலும் எளிதாகச் சாயப்பொருள்கள் எலக்ட்ரான்களை இழக்க வல்லன. எனவே, காற்றில்லாக் கலத்தில் அவை தாம் சிதைந்து, ஹைட்ரஜன் பிறக்கத் துணையாகலாம். கழிவு நீங்குதலும் எரிபொருள் கிடைத்தலும் ஒருங்கே நிகழும் இம்முயற்சி, ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளது. இதற்குத் தடைகளும் உள. கலங்கிய நீரில் ஒளி ஆழச் செல்லாது. கரைந்த உப்பை ஒளி வினையூக்கி அகற்றாது. அதற்குச் சவ்வுகளே வேண்டும். தூய நீரைப் பிளப்பதிலும் நெடுந்தொலைவு செல்லவேண்டியுள்ளது. வேறொரு வினையூக்கியைக்கொண்டு ஜப்பானில் 100 சதுர மீட்டர்ப் பரப்பில் அமைத்த கருவி, கதிரவன் ஆற்றலில் 0.76 விழுக்காட்டையே உச்ச அளவாக ஹைட்ரஜனாக்கியது என 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. ஆண்டுதோறும் 50 இலட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் ஆக்கும் வலிமையை 2030க்குள் எய்துவதற்கென, தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

மாணவர்களே! கதிரவன் ஒளி கொங்கு நாட்டில் குறைவின்றிக் கிடைக்கின்றது. கனிம மணல் தமிழகக் கடற்கரையிலேயே உள்ளது. கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கும் தொழில் காங்கயம் வட்டாரத்தில் நடைபெறுகின்றது. இவற்றை இணைத்துப் பயன்காணும் அறிவும் உழைப்புமே இனி வேண்டுவன. தொழில் வாழவேண்டும், ஆறும் வாழவேண்டும். இரண்டும் ஒருங்கே வாழ வழி காணும் பொறுப்பு, இன்று வேதியியலும் இயற்பியலும் பயிலும் உங்களையே சாரும்.

பயிற்சி

1. ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்திற்கு உதவாமற்போனது ஏன்?
2. டைட்டானியம் டை ஆக்சைடின் இரு குறைகள் யாவை? அவற்றை நீக்கக் கரி எவ்வாறு உதவுகின்றது?
3. 'தொழில் வாழவேண்டும், ஆறும் வாழவேண்டும்' என்னும் கருத்தை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.