கைபேசிக்குள் வந்த வகுப்பறை

கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி பெரகலையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி ஹப்புத்தளை, பண்டாரவளை என்று மலையோடு போகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இந்தச் சரிவுகளில் வாழும் நமக்கு 'சிக்னல்' என்பதன் பெறுமதி நன்றாகத் தெரியும். கைபேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மலை நின்றால் அலை பலவீனமாகிவிடும். ஒரே தோட்டத்தில் மேல் லயத்துக்குக் கிடைக்கும் சிக்னல் கீழ் லயத்துக்குக் கிடைக்காதது இதனால்தான்.

கொவிட்-19 காரணமாக 2020 மார்ச் மாதம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறை கைபேசிக்குள் வந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களில் பாடங்களை அனுப்பினார்கள். ஸூம் வகுப்புகள் தொடங்கின. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளமும் 'குருகெதர' தொலைக்காட்சிப் பாடங்களும் துணைநின்றன. ஆனால் எல்லோருக்கும் அந்த வகுப்பறையின் கதவு திறக்கவில்லை. 2021இல் நமது ஊவா மாகாணத்துச் செய்தியொன்று உலகப் பத்திரிகைகளில் வந்தது. பொகிட்டியாவ கிராமத்து மாணவர்களும் ஆசிரியையும் சிக்னல் தேடிச் சுமார் 3 கிலோமீற்றர் காட்டுவழியே மலையேறினார்கள். லுணுகலைப் பகுதியில் மலையுச்சி மரமொன்றில் கட்டிய பரணில் ஏறிப் பிள்ளைகள் பாடங்களைத் தரவிறக்கினார்கள். இணையவழிக் கற்றலில் கூடியது 40 சதவீதமான மாணவர்களே பங்குபற்ற முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது கூறியது.

பாடசாலைகள் திறந்துவிட்டன. கைபேசி மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. அது தரும் நன்மையை மறுப்பது நியாயமல்ல. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நகரத்துக்குப் பஸ் ஏறி வகுப்புக்குப் போக முடியாத தோட்டத்து மாணவி, விளங்காத கணக்கொன்றின் விளக்கத்தை யூடியூப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இது சிறிய வசதி அல்ல.

ஆனால் சேர்த்து வைப்பது வேறு, கற்பது வேறு. ஒரு கைபேசியில் நூறு குறிப்புகளும் ஐம்பது வினாத்தாள்களும் இருக்கலாம். அவற்றைத் திறந்து, கொப்பியில் எழுதி, மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்காதவரை அவை கைபேசியின் அறிவே தவிர நமது அறிவு அல்ல. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும் இதையே எச்சரிக்கிறது. படிக்கும்போது கைபேசியால் கவனம் சிதறினால், மீண்டும் பாடத்தில் ஒன்றுவதற்கு 20 நிமிடங்கள் வரை செல்லக்கூடும் என்று அது குறிப்பிடுகிறது. ஒரு மணித்தியாலத்தில் மூன்று முறை செய்தி ஒலி கேட்டால், அந்த மணித்தியாலத்தில் மிஞ்சுவது என்ன?

அடுத்தது உறக்கம். 13 முதல் 18 வயது வரையானோருக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணித்தியால உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. காலை 5 மணிக்குச் சுபஹுத் தொழுகைக்கு எழும் மாணவி இரவு 9 மணிக்கு உறங்கினால்தான் 8 மணித்தியாலம் வரும். உயர்தர மாணவிக்கு அது கடினம். 10 மணி என்றாலும் 7 மணித்தியாலம் கிடைக்கும். நள்ளிரவு வரை திரையைப் பார்த்தால் 5 மட்டுமே மிஞ்சும். படுக்கையில் பார்க்கும் திரையின் வெளிச்சம், உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பையும் குறைக்கிறது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று படித்திருக்கிறோம். இன்றைய இரவு அரட்டைக்கும் அது பொருந்தாதா?

தாமதமாக விழித்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டுக்காக விழித்திருப்பதில்லை என்பதையும் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். பல வீடுகளில் இருப்பது ஒரே கைபேசி. அது காலையில் வாப்பாவோடு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும். தம்பி, தங்கை பார்த்த பிறகே மூத்தவளின் முறை வருகிறது. அந்த வீட்டில் தேவைப்படுவது ஏச்சு அல்ல, நேர அட்டவணை. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கினால் அவள் நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தெரியாத இலக்கத்திலிருந்து தவறான செய்தியோ மிரட்டலோ வரும்போது, பல பெண்பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் கைபேசி பறிபோகும், அதோடு படிப்பும் நின்றுவிடும் என்ற பயமே காரணம். அந்த மௌனம்தான் தவறு செய்பவனுக்குக் கிடைக்கும் பெரிய பலம். "உன்மேல் குற்றமில்லை, எங்களிடம் சொல்" என்று உம்மாவும் வாப்பாவும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் மகள் துணிந்து வாய் திறப்பாள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும், மனம் சோர்ந்துபோனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைத்து உதவி கேட்கலாம்.

ஆகவே நமது வீடுகளில் சில ஒழுங்குகளைக் கொண்டுவருவோம். பாடங்களைச் சிக்னல் உள்ள இடத்தில் தரவிறக்கிக்கொண்டு, டேட்டாவை நிறுத்திவிட்டுப் படிப்போம். எழுதிப் பயிலும் நேரத்தில் கைபேசியை வேறு அறையில் வைப்போம். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை கண்ணை உயர்த்தித் தூரத்துத் தேயிலை மலையைப் பார்ப்போம். கண்ணுக்கு அது நல்லது. இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய கைபேசியும் முன்னறையிலேயே சார்ஜில் இருக்கட்டும். பெரியவர்களும் இதைக் கடைப்பிடித்தால்தான் பிள்ளைகள் கேட்பார்கள்.

மரத்தில் ஏறிப் பாடம் தரவிறக்கிய பிள்ளைகள் கல்விக்காகவே கைபேசியைத் தேடினார்கள். இன்று வீட்டிலேயே அது கிடைக்கும் நாம், அதே நோக்கத்தோடு அதைக் கையில் எடுப்போம். உடல்நலமும் ஓய்வு நேரமும் அல்லாஹ் தந்த அருட்கொடைகள். அவை இரண்டையும் வீணாக்காமல் கற்போமாக!