அடுப்பை எண்ணலும் குடியை அறிதலும்

மக்கள் கூடிவாழும் முறைமையை ஆராய்வது சமூக மானிடவியல். அத்துறையிற் புகவிரும்பும் மாணாக்கர் நம்மை முதலிற் கேட்பது, "வினாப்படிவத்தில் எத்தனை வினாக்கள் இருத்தல் வேண்டும்?" என்பதேயாம். இருபது வினாக்களைத் தாளிற் பதித்து, வீடுவீடாகச் சென்று விடைகளை நிரப்பிக்கொண்டால் ஊரைப்பற்றிய தரவு கைக்கு வந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். படிவத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. ஆயினும், படிவத்திலுள்ள ஒரு சொல் ஆராய்ச்சியின் முடிபையே மாற்றவல்லது. அதற்கு நம் நாட்டிலேயே எழுந்த ஒரு வாதத்தினை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

"சிதைந்துவரும் கிராமம்" எனப் பொருள்படும் பெயரோடு 1957ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்று வெளிவந்தது. ஆக்கியோர் என். கே. சார்க்கார், எஸ். ஜே. தம்பையா என்னும் இருவர். இவருட் பின்னவர், பிற்காலத்தில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மானிடவியற் பேராசிரியராக விளங்கி உலகப் புகழெய்திய நம் நாட்டுத் தமிழர். அக்காலத்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சார்பில், கண்டியையடுத்த பாத்ததும்பறையிலே, பல கிராமங்களிலிருந்து ஏறத்தாழ 500 குடும்பங்களைத் தெரிந்தெடுத்து நடத்திய அளவீட்டின் பயன் அந்நூல். வயற்காணி சிறிதுமில்லாத குடும்பங்கள் மிகப்பல என்று எண்கள் காட்டின. காணியின்மை பெருகி ஊர்வாழ்வு குலைகின்றது என்ற முடிபும் இயல்பாகவே பிறந்தது.

அடுத்த ஆண்டே, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்மண்ட் லீச் என்னும் மானிடவியலார் இலங்கை ஆய்விதழொன்றில் அந்நூலைப்பற்றித் தம் ஐயங்களை வெளியிட்டார். அவர் கைவைத்தது கூட்டல் கழித்தலில் அன்று. "குடும்பம்" என்ற சொல்லில். ஒரு பானையிற் சமைத்த சோற்றை உண்போர் ஒரு குடும்பம் என்பது அளவீட்டார் கொண்ட வரைவிலக்கணம். சிங்களக் கிராமத்திலோ மகன் மணமுடித்ததும் மருமகள் தனியடுப்பு மூட்டுதல் வழக்கம். மகன் தந்தையின் வயலிலேயே உழுதுகொண்டிருத்தல் கூடும். அது நாளை தனக்கு வரும் என்பதையும் அறிவான். படிவத்திலோ அவன் தனிக்குடும்பத் தலைவன், காணியற்றவன். தந்தை இறந்தபின் அதே மகன் காணியுடையோர் நிரலிலே சேர்வான். இளையவனாதலாற் காணியற்றிருப்பவனும், ஏழையாதலாற் காணியற்றிருப்பவனும் இவ்வாறு ஒரே கட்டத்துள் அடைபட்டனர்.

இஃது ஏட்டுப் பூசலென்று தள்ளத்தக்கதன்று. அத்தகைய பட்டியலைக் கொண்டு காணி பகிரப்படுமாயின், வயலுடையான் மகன் முன்னே நிற்க, உண்மையில் ஒன்றுமில்லாதவன் பின்னே நிற்பான்.

லீச் இதனை எங்ஙனம் அறிந்தார்? 1954இல் வடமத்திய மாகாணத்துப் புல் எலிய என்னும் குளத்தடிக் கிராமத்திற் பல மாதங்கள் தங்கினார். அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 150 பேரே. வயலின் ஒவ்வொரு துண்டையும் படத்திற் குறித்தார். அதனை உழுபவர் யார், முன்னே உடையவர் யார், அவர்க்குள் என்ன முறை என்பவற்றைக் கேட்டெழுதினார். கேட்டவற்றை அரசாங்கத்தின் பழைய பதிவுகளோடு ஒப்புநோக்கினார். ஊரார் கூறும் விதி ஒன்றாகவும் வரப்பிலே நிகழ்வது மற்றொன்றாகவும் இருத்தலை அவர் கண்டது இவ்வாறே. 1961இல் வெளிவந்த அவருடைய நூலிலே துண்டுதுண்டாக வயலை விவரிக்கும் பக்கங்கள் படிப்போரை அலுக்கச் செய்யும். நம்மையும் அலுக்கச் செய்தன. அவற்றைத் தாண்டிச் செல்வோர் நூலின் உயிரைத் தாண்டிச் செல்கின்றனர்.

உறவுமுறையை எழுதும் நெறியை இத்துறைக்கு வகுத்துத் தந்தவர் றிவேர்ஸ் என்னும் மருத்துவர். 1898இல், அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ்க் குழுவில் அவரும் ஒருவர். தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்னும் சில சொற்களை மட்டுங்கொண்டு, பெயர்பெயராகக் கேட்டு வமிசாவளி வரைந்தார். அதன்பின்னரே, "இன்னாரை நீர் என்ன முறைசொல்லி அழைப்பீர்?" என்று வினவினார். இவ்வரிசையின் அருமையைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. "இவன் என் தம்பி" என்று ஒருவர் சொன்னால், அவன் உடன்பிறந்தானோ, சின்னம்மா மகனோ, சித்தப்பா மகனோ? பெற்ற தாயின் பெயரைக் கேட்டாலன்றி விளங்காது. 1901-02இல் நீலகிரித் தோதவரிடையே அவர் ஆராய்ந்தபோது, இறந்த உறவினரின் பெயரைச் சொல்ல அம்மக்கள் பின்வாங்கினர். ஆதலின் ஒரு குலத்தின் வமிசத்தைப் பிற குலத்தாரிடம் கேட்டறிந்தார். கணவன் பெயரைச் சொல்ல நாணிய நம் பாட்டிமாரிடம் விவரம் கேட்டோர்க்கு இவ்விடர் புதிதன்று. பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளையே விடையளிப்பான்.

"உமக்குக் காணி உண்டா?" என்னும் வினாவும் யாழ்ப்பாணத்தில் எளியதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரித்துணரும். திண்ணையிலிருக்கும் பெரியவர் "ஓம், உண்டு" என்பார். அஃது அவர் மனைவியின் சீதனமாயிருக்கலாம். அதிலும் ஒரு பகுதி மகளுக்கு உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டதாயிருக்கலாம். அவர் பொய் கூறினாரல்லர். வேலியடைப்பவரும் விளைவு எடுப்பவரும் அவரே. படிவத்தில் ஒரு கட்டந்தான் உண்டு!

எனினும் லீச்சின் பக்கமே முற்றிலும் சாய நாம் ஒருப்படோம். ஓரூரை உள்ளங்கை நெல்லிக்கனியென அறிந்தவர், அயலூரும் அவ்வாறே என்று கூற உரிமையற்றவர். நாட்டிற் காணியற்றோர் எத்துணைப் பேர் என்ற கேள்விக்கு எண்ணித்தான் விடை காணல் வேண்டும். எதனை எண்ணுவது என்று துணியுமுன் ஊரில் இருந்து பார்த்தல் வேண்டும் என்பதே நம் வழக்கு.

ஆகவே, படிவத்தோடு வந்த நம் மாணாக்கர்க்கு நாம் கூறியது இது. முதல் வாரம் படிவத்தைப் பெட்டியில் வைத்திடுக. ஒழுங்கை, கிணறு, கோயில், வேலி யாவும் காட்டி ஊர்ப்படம் ஒன்று வரைக. முதியோர் சிலரிடம் வமிசாவளி கேட்குங்கால், சிறுவயதில் இறந்த பிள்ளைகளையும் கேட்க, தாமாகச் சொல்லார். கண்டதையும் கேட்டதையும் வேறுவேறாக அன்றிரவே எழுதுக. பின்னர், நன்கறிந்த மூன்று வீடுகளுக்கு மட்டும் படிவத்தைக் கொண்டுசென்று, விடைகள் குறிப்பேட்டோடு ஒத்துவருகின்றனவா எனப் பார்க்க. ஒவ்வாத வினாக்களை அடித்துவிட்டு, மீண்டும் நம்மிடம் வருக.