அட்டையின் காதும் சாளரத்தின் தாவலும்

கேள்வி: ஒரு மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தால், ஒரே பெட்டிக்குள் பல பக்கங்களும் அவற்றின் தலைமாட்டில் வரிசையாகச் சிறு தாவல்களும் காணப்படுகின்றன. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: இதன் பிறப்பிடம் கணினி அன்று, நூலகங்களிலும் அலுவலகங்களிலும் இருந்த அட்டை இழுப்பறையே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தைத்துக் கட்டிய பேரேடுகளை விட்டுவிட்டுத் தனித்தனி அட்டைகளில் விவரங்களை எழுதி, அவற்றை இழுப்பறையில் நிமிர்த்தி அடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. நூலக வகைப்பாட்டுக்காக இன்றும் அறியப்படும் மெல்வில் டூயி தொடங்கிய லைப்ரரி பீரோ என்னும் நிறுவனம் இத்தகைய அட்டைகளையும் பெட்டிகளையும் விற்றது. பேரேட்டின் நடுவில் புதிய தாளைச் செருக வழியில்லை, அட்டை வரிசையிலோ எந்த இடத்திலும் செருகலாம் என்பது இம்முறையின் பலம். ஆனால் ஒரே உயரமுள்ள நூற்றுக்கணக்கான அட்டைகள் நெருக்கி நிற்கும்போது எது எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. இக்குறையைத் தீர்க்க, அட்டையின் மேல்விளிம்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் காதுபோல் உயர்த்தி அதில் குறிப்பெழுதும் முறைக்கு ஜேம்ஸ் நியூட்டன் கன் என்பவர் 1897இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

கணினித் திரைக்கு இந்தக் காது வந்து சேர்ந்த கதைக்கு ஒரே தலைவர் இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் சூழலில், ஒவ்வொரு சாளரத்தின் பெயரும் அதன் இடது மேல்மூலையில் ஒரு சிறு நீட்டலில் எழுதப்பட்டிருந்தது. 1982இல் ஐ.பி.எம். பி.சி.க்காக வெளிவந்த வேர்ட்விஷன் என்னும் சொற்செயலி, தாவல் போன்ற அமைப்பைக் கொண்டு விற்பனைக்கு வந்த முதல் மென்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. 1988இல் டான் ஹாப்கின்ஸ், சன் நிறுவனத்தின் நியூஸ் என்னும் சாளர அமைப்புக்காகத் தாவல் பொருத்திய சாளரச் சட்டங்களை எழுதி இலவசமாக வெளியிட்டார். 1992இல் போர்லாண்டின் குவாட்ரோ புரோ, விரிதாளின் பக்கங்களுக்குத் தாவல் இட்டு அதைக் கணக்கர்களின் அன்றாடப் பழக்கமாக்கியது. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது தாவல் பெட்டி இயக்கமுறைமையின் பொதுச் சொத்தாகிவிட்டது. இழுப்பறையைப் பார்த்துப் பழகிய கண்கள் இருக்கும் இடத்தில் ஒரே எண்ணம் பலருக்கும் தோன்றுவது இயல்பே.

கேள்வி: தமிழில் இதைத் 'தாவல்' என்பது பொருத்தமான சொல்லா?

பதில்: ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடைய இரண்டு சொற்கள் இங்கே மோதுகின்றன. விசைப்பலகையில் உள்ள 'டேப்' விசை, தட்டச்சுப் பொறியின் 'டேபுலேட்டர்' என்ற உறுப்பின் பெயர்ச் சுருக்கம். அதன் வேர் பலகை, பட்டியல் ஆகிய பொருள்களைத் தரும் லத்தீன் சொல். அட்டையின் 'டேப்' இதனோடு உறவில்லாத வேறு சொல். ஒன்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டு என்பதே அதன் பொருள். விசையை அழுத்தினால் சுட்டி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குத் தாவுகிறது ஆதலால், விசைக்குத் தாவல் என்பது மிகப் பொருத்தமான தமிழ். அதே சொல்லை அட்டையின் காதுக்கும் வைத்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'கீற்று' என்று வழங்குவோரும் உண்டு. துண்டு என்னும் பொருளுக்கு அது நெருக்கமானது. ஆயினும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவுவது என்று கொண்டால் தாவலும் பழுதாகாது என்பதால், இப்பகுதியில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

கேள்வி: சில நிரலாக்கக் கருவித்தொகுதிகளில் இந்த உறுப்புக்கு 'நோட்புக்' என்று பெயர் இருப்பது ஏன்?

பதில்: கருவித்தொகுதி என்பது பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி முதலிய திரை உறுப்புகளை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக வரைய வேண்டியதில்லாமல், ஆயத்தமாகத் தரும் நிரல் தொகுப்பு. ஜி.டி.கே.யில் இவ்வுறுப்பின் பெயர் ஜி.டி.கே. நோட்புக், டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்சிலும் டி.கே.யிலும்கூட நோட்புக் என்றே பெயர். ஜாவாவின் ஸ்விங், தாவலிட்ட பலகம் என்று பொருள்படும் பெயரையும், க்யூட்டி தாவல் விட்ஜெட் என்ற பெயரையும் தேர்ந்தன. இருவகைப் பெயர்களும் இருவகை உருவகங்களைக் காட்டுகின்றன: ஒன்று இழுப்பறை, மற்றொன்று பள்ளி நோட்டு.

நோட்டு உருவகத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றது ஐ.பி.எம். 1992இல் வெளிவந்த ஓ.எஸ்./2 இயக்கமுறைமையின் 2.0 பதிப்பில், அமைப்புகளைக் காட்டும் உறுப்பு உண்மையான நோட்டுப் புத்தகமாகவே வரையப்பட்டது. ஒரு விளிம்பில் சுருள்கம்பித் தைப்பும், அடுக்கிய தாள்களின் ஓரமும், பெரிய பிரிவுகளுக்கு ஒரு பக்கத்திலும் உட்பிரிவுகளுக்கு இன்னொரு பக்கத்திலும் தாவல்களும், தாளைப் புரட்டச் சிறு அம்புக்குறிகளும் அதில் இருந்தன. பார்வைக்கு அழகாக இருந்த இந்தச் சுருள்கம்பி திரையில் இடத்தை விழுங்கியதே அன்றி எந்த வேலையும் செய்யவில்லை. 1996இல் வார்ப் என்ற பெயருடன் வந்த நான்காம் பதிப்பில் கம்பி மறைந்து தாவல்கள் மேல்விளிம்புக்கு ஏறின. அத்தோற்றத்தைக் கோருவதற்காக நிரலாளர் எழுதவேண்டிய மாறிலியின் பெயர் 'தாவலிட்ட உரையாடல்' என்று பொருள்படுவது. நோட்டின் இடத்தை உரையாடல் பெட்டி பிடித்துக்கொண்டதற்கு அப்பெயரே சாட்சி.

கேள்வி: தாவல் பெட்டியை நிரலாளர் எவ்வாறு கட்டுகிறார்? தாவலைச் சொடுக்கினால் பக்கம் தானே மாறிவிடுமா?

பதில்: மாறுமா மாறாதா என்பது கருவித்தொகுதியைப் பொறுத்தது. விண்டோஸ் 95உடன் வந்த தாவல் உறுப்பு, உள்ளபடி பார்த்தால், காதுகளை மட்டுமே வரைகிறது. பக்கம் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பயனர் ஒரு தாவலைச் சொடுக்கும்போது 'தெரிவு மாறியது' என்ற அறிவிப்பை மட்டும் அது அனுப்ப, பழைய பக்கத்தின் உறுப்புகளை மறைத்துப் புதிய பக்கத்தின் உறுப்புகளைக் காட்டுவது நிரலாளரின் பொறுப்பாகிறது. தாவல் வரிசைக்குக் கீழே எஞ்சும் இடம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு; அதன் விடையைக் கொண்டு பக்கத்தை உரிய இடத்தில் பொருத்த வேண்டும். பக்கத்தை ஒரு தனிச் சேய்ச் சாளரமாக அமைத்தால், அதற்குரிய ஒரு சிறப்புக் குறியை இடாதவரை விசைப்பலகையின் தாவல் விசை அதற்குள் நுழையாது. சுட்டியால் மட்டும் சோதித்த நிரலாளர் இதைக் கவனியாமல் விடுவது எளிது.

இந்தச் சுமையைக் குறைக்கவே 'பண்புத்தாள்' என்ற மேலடுக்கை விண்டோஸ் தந்தது. ஒரு பொருளின் பண்புகளைக் காட்டும் தாள் என்னும் இந்த எண்ணம் 1981ஆம் ஆண்டின் ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் ஏற்கெனவே இருந்தது. அதன் விசைப்பலகையில் பண்புகளைத் திறப்பதற்கென்றே ஒரு விசை இருந்தது. பண்புத்தாளில் நிரலாளர் பக்கங்களின் பட்டியலை ஒப்படைத்தால் போதும். காட்டுவதையும் மறைப்பதையும் அமைப்பே பார்த்துக்கொள்ளும். பயனர் ஒருமுறையும் திறந்து பாராத பக்கத்தை இவ்வமைப்பு, வேறுவிதமாகக் கேட்டுக்கொள்ளாதவரை, உருவாக்குவதே இல்லை. இது நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடு. எனினும் எல்லாப் பக்கங்களும் இருப்பதாக நம்பி, திறவாத பக்கத்தின் பெட்டியிலிருந்து மதிப்பைப் படிக்க முயலும் நிரல் இங்கே இடறி விழும்.

அளவு என்பது இன்னொரு சிக்கல். பக்கங்கள் பல, பெட்டி ஒன்று. எந்தப் பக்கத்திற்கு ஏற்ப அதை வெட்டுவது? விண்டோஸ், பண்புப் பக்கத்திற்கு மூன்று பரிந்துரை அளவுகளை வரையறுத்தது. அவற்றுள் சிறியது 212க்கு 188. இவை படப்புள்ளிகள் அல்ல, 'உரையாடல் அலகுகள்'; எழுத்துருவின் சராசரி அகலத்தில் நான்கில் ஒரு பங்கு கிடையலகாகவும், உயரத்தில் எட்டில் ஒரு பங்கு நெட்டலகாகவும் கொள்ளப்படுவதால், எழுத்து பெரிதானால் பெட்டியும் உடன் பெரிதாகும். க்யூட்டி போன்றவை வேறு வழியில் சென்றன. நார்வேயில் ஹாவார்ட் நோர்டும் ஐரிக் சாம்பே-எங்கும் உருவாக்கி 1995இல் வெளியிட்ட இத்தொகுதியில், ஒவ்வொரு பக்கமும் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே சொல்லும். தாவல் விட்ஜெட் அவற்றுள் மிகப் பெரியதைக் கேட்டுப் பெட்டியின் அளவை முடிவு செய்யும். தாவலின் பெயர் ஒரு மொழியில் நான்கெழுத்தாகவும் இன்னொரு மொழியில் பதினான்கு எழுத்தாகவும் இருக்கக்கூடும் என்ற நிலையில் இதுவே நேர்மையான வழி.

கேள்வி: இத்தகைய பெட்டிகளில் 'சரி', 'ரத்து', 'செயல்படுத்து' என மூன்று பொத்தான்கள் இருப்பது எதற்கு? இரண்டு போதாதா?

பதில்: தாவல் பெட்டியின் உண்மையான கடினம் இங்கேதான் இருக்கிறது, அட்டை இழுப்பறையிடமிருந்து கடன் வாங்க முடியாமற்போன பகுதியும் இதுவே. அட்டையில் எழுதியது எழுதியதுதான். மூன்றாம் அட்டையில் எழுதியதை, இழுப்பறையை மூடும்போது ரத்து செய்வதா என்று யாரும் கேட்பதில்லை. உரையாடல் பெட்டி அப்படியன்று. அது பயனரிடம் சிலவற்றைக் கேட்டு, அவர் ஒப்பும்வரை காத்திருக்கும் இடைக்கால ஏற்பாடு. ஒரு பெட்டிக்குள் பல பக்கங்களை வைத்தவுடன், பக்கத்தை மாற்றுவது ஒப்புதலா, முதற்பக்கத்தில் செய்த மாற்றம் இரண்டாம் பக்கத்திற்குச் சென்றபின் நிலைக்குமா, 'ரத்து' என்பது கண்ணில் படும் பக்கத்தை மட்டுமா எல்லாவற்றையுமா குறிக்கும் என்ற ஐயங்கள் எழுகின்றன.

ஓ.எஸ்./2இன் நோட்டு, தன் உருவகத்திற்கு உண்மையாக, எழுதியவுடன் நிலைத்துவிடும் முறையைப் பெரும்பாலும் கைக்கொண்டது. அங்கே 'சரி' இல்லை, பழைய நிலைக்கு மீட்கும் பொத்தானே இருந்தது. விண்டோஸ், பெட்டி முழுவதற்கும் ஒரே ஒப்புதல் என்று வைத்தது. 'சரி' ஏற்று மூடும், 'ரத்து' ஏற்காமல் மூடும், 'செயல்படுத்து' ஏற்றுக்கொண்டும் மூடாமல் இருக்கும். இந்த மூன்றாவது பொத்தான், ஏதேனும் ஒரு பக்கம் 'மாற்றம் நிகழ்ந்தது' என்று அறிவிக்கும்வரை மங்கலாகவே இருக்கும். அதை அழுத்தியபின் 'ரத்து' என்பதன் பொருள் சிதைந்துவிடுகிறது. ஏற்றுக்கொண்டதை எப்படி ரத்து செய்வது? இதற்காகவே, மீட்க முடியாத மாற்றம் செய்த பக்கம் அனுப்பத்தக்க ஒரு செய்தி உண்டு: அது வந்தவுடன் பண்புத்தாள் 'ரத்து' பொத்தானை முடக்கி, 'சரி' என்பதை 'மூடு' என்று மாற்றி எழுதும். பல நிரலாளர்கள் அறியாத இந்தச் சிறு நாகரிகம் பாராட்டத்தக்கது.

க்யூட்டியின் தொடக்கப் பதிப்புகளில் இதற்கென்றே தாவல் உரையாடல் என்ற தனி வகுப்பு இருந்தது. பெட்டி தோன்றப்போகிறது என்று ஒரு சைகையையும், 'சரி' அல்லது 'செயல்படுத்து' அழுத்தப்பட்டது என்று இன்னொரு சைகையையும் அது எழுப்பும். முதலாவதில் மதிப்புகளை நிரப்பி, இரண்டாவதில் அவற்றை எழுதிக்கொண்டால் பெட்டி முற்றுப்பெற்றது. 2005இல் வந்த நான்காம் பதிப்பு அவ்வகுப்பை ஓய்வுபெற வைத்து, சாதாரண உரையாடல் பெட்டிக்குள் தாவல் விட்ஜெட்டையும் பொத்தான் வரிசையையும் நிரலாளரே அடுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டது. பிரித்ததால் இரண்டையும் வேறிடங்களிலும் பயன்படுத்த முடிந்தது என்பது நன்மை. ஒப்புதல் பற்றிய கேள்விக்கு ஆயத்தமாக இருந்த விடையும் அதனுடன் போயிற்று என்பது இழப்பு. இதற்கிடையே 2002இல் ஜினோம் என்னும் மேசைத்தளச் சூழலின் 2.0 பதிப்பு, விருப்பங்களுக்கான பெட்டிகளில் மாற்றம் உடனே செயல்பட வேண்டும், 'மூடு' மட்டும் இருந்தால் போதும் என்ற நெறிக்குத் திரும்பியது. அந்த இடத்தில் நோட்டு உருவகமே வென்றது எனலாம்.

கேள்வி: சில பெட்டிகளில் தாவல்கள் இரண்டு மூன்று வரிசைகளாக நின்று, ஒன்றைச் சொடுக்கினால் வரிசைகளே இடம்மாறிக் குழப்புகின்றன. இது பிழையா?

பதில்: பிழையன்று, உருவகத்தின் பிடிவாதம். இழுப்பறையில் காதுகள் இடம் தள்ளித் தள்ளி வெட்டப்படுவதால் பின்னுள்ளது முன்னுள்ளதால் மறையாது; திரையிலோ, தெரிவான தாவல் தன் பக்கத்தோடு ஒட்டியே காணப்பட வேண்டும் என்ற விதியால், பின்வரிசையில் ஒன்றைத் தொட்டால் அந்த வரிசை முழுவதும் கீழிறங்க, முன்பு கீழே இருந்தது மேலேறுகிறது. ஒரு தாவல் எங்கே இருந்தது என்று நினைவில் வைத்த பயனருக்கு அந்த நினைவு பயனற்றுப்போகிறது. க்யூட்டி பல வரிசைகளுக்கு இடம் தராமல், மிகுந்த தாவல்களை அம்புப் பொத்தான்களால் நகர்த்திப் பார்க்கச் செய்தது. ஜாவாவின் ஸ்விங்கில் வரிசைகளாக மடிப்பதே இயல்பு முறையாக இருந்தது. நகர்த்திப் பார்க்கும் முறை 2002இல் வந்த 1.4 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது, அதையும் நிரலாளர் கேட்டுப் பெறவேண்டும். பக்கங்கள் பத்தைத் தாண்டும் மென்பொருள்கள் பல, தாவலையே கைவிட்டு, இடப்புறம் நெட்டுப் பட்டியலும் வலப்புறம் பக்கமும் என்ற அமைப்புக்குச் சென்றுவிட்டன.