பீடபூமியின் தரையும் பருவமழைக் கணிப்பும்

வானிலை என்றதும் ஆகாயத்தை நோக்குவது மக்களின் இயல்பு. ஆயினும் காற்றுக்கு வெப்பத்தையும் ஈரத்தையும் வழங்குவன பெரும்பாலும் தரையும் கடலுமே. சூரிய கிரணங்களில் பெரும்பகுதி காற்றை ஊடுருவி வந்து முதலில் தரையைச் சூடாக்குகிறது. சூடேறிய தரை பின்னர் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. எனவே ஒரு பிரதேசத்தின் தட்பவெப்ப நிலையைக் கணிக்க விரும்புவோர் அங்குள்ள தரையின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். உயர்ந்த பீடபூமிகளில் இதன் அவசியம் மேலும் மிகுதி.

தரையின் வரவு செலவு

தரைக்கு வந்து சேரும் சூரிய சக்தியில் ஒரு பங்கு உடனே பிரதிபலித்துத் திரும்பி விடுகிறது. எஞ்சியது நான்கு வழிகளில் செலவாகிறது: தரை வெப்பக் கதிர்களை வெளிவிடுகிறது, காற்றைச் சூடாக்குகிறது, நீரை ஆவியாக்குகிறது, மண்ணின் கீழ் அடுக்குகளுக்கு வெப்பத்தை அனுப்புகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி தேவைப்படுகிறது. ஆகவே ஈரமுள்ள நிலத்தில் வெப்பத்தின் பெரும்பகுதி நீராவியுடன் சென்றுவிடும். வறண்ட நிலத்திலோ அது காற்றைச் சூடாக்குவதிலேயே செலவாகும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூர் நகரமே கடல் மட்டத்திற்குச் சுமார் 920 மீட்டர் உயரத்தில் மைசூர்ப் பீடபூமியின்மீது அமைந்தது. அங்கே அடுகோடியில் உள்ள பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் மரமும் புல்லும் நிறைந்த வளாகத்தையும், அருகே செல்லும் ஓசூர்ச் சாலையின் தாரையும் ஒப்பிட்டால் போதும். இரண்டின்மீதும் ஒரே வெயில்தான் விழுகிறது. ஆயினும் தார்ச்சாலை அனலை வீசும். புல்தரை குளிர்ச்சியாக இருக்கும். வேற்றுமை வெயிலில் இல்லை, தரையில் இருக்கிறது.

உயரத்தின் தனித்தன்மை

திபெத்துப் பீடபூமியின் சராசரி உயரம் 4,000 மீட்டருக்கும் அதிகம். அதன் மேற்கு எல்லையை ஒட்டி நமது லடாக் பகுதி உள்ளது. அடுகோடியை அடுத்த கோரமங்கலத்தில் இயங்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி லடாக்கின் ஹான்லே என்னுமிடத்தில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிறுவப்பட்டிருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆகையால் தரை அளிக்கும் அதே அளவு வெப்பம் அங்குள்ள மெல்லிய காற்றை விரைவில் சூடாக்கிவிடும். சமவெளியின் தரை கீழ்க்காற்றைச் சூடாக்கும். பீடபூமியின் தரையோ வாயுமண்டலத்தின் நடு அடுக்கையே நேராகச் சூடாக்கும். கோடையில் திபெத்து ஒரு வெப்ப மூலமாகிறது என்பதை 1957-இல் ஜெர்மானிய அறிஞர் ஃப்ளோனும் சீன அறிஞர் யே துசெங்கும் எடுத்துக் காட்டினர்.

பனியும் பருவமழையும்

இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் சமவெளியில் வறட்சி நேரக்கூடும் என 1884-இல் கூறினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டையும் மைசூரையும் வாட்டிய கொடும் பஞ்சம் அப்பொழுது மக்கள் நினைவிலிருந்து மறையவில்லை. அவர் கூறியதன் காரணம் எளிதில் விளங்கும். புதிய பனி தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். எஞ்சிய வெப்பமும் பனியை உருக்குவதிலேயே செலவாகும். உருகிய நீர் மண்ணை ஈரமாக்கும். இவ்வாறு நிலம் சூடேறுவது தாமதப்படுகிறது. எனினும் இத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் பொருந்துவதில்லை. மேலும், திபெத்தின் வெப்பத்தைக் காட்டிலும், வடக்கின் வறண்ட குளிர்காற்றைத் தடுக்கும் இமயச் சுவரே முக்கியமானது என்று 2010-இல் பூஸ், குவாங் ஆகிய இருவரும் கணிப்பொறிச் சோதனையால் காட்டினர். இவ்விவாதம் தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

கணிப்பில் நேரும் பிழை

கணிப்பொறியில் பூமியைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திற்கும் கணக்கிடுகின்றனர். கட்டம் ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டர் அகலமாயின் சிகரமும் பள்ளத்தாக்கும் ஒரே உயரமாகச் சராசரிப்பட்டுவிடும். இதனாலேயே சிறு கட்டங்களைக் கொண்ட பிரதேசக் கணிப்புகள் தோன்றின. ஆயினும் கட்டத்தைச் சிறிதாக்குவது மட்டும் போதாது. தரையைப் பற்றிய விவரமும் திருந்த வேண்டும். 1969-இல் மனாபே என்னும் அறிஞர் மண்ணை 15 சென்டிமீட்டர் நீர் கொள்ளும் ஒரு வாளியாகப் பாவித்துக் கணக்கிட்டார். இன்றைய முறைகளில் மண்ணின் பல அடுக்குகள், வேர்கள், உறைந்த நிலம், பனிப்படலம் ஆகிய யாவும் இடம் பெறுகின்றன. அப்படியிருந்தும் திபெத்தின்மீது பல கணிப்புகள் உண்மையை விடக் குளிர்ந்த நிலையையும் மிகுந்த மழையையும் காட்டுகின்றன. பனியைச் சிறிது அதிகமாக மதிப்பிட்டால் ஒளி அதிகமாகத் திரும்பும், நிலம் குளிரும், குளிர்ந்த நிலத்தில் பனி நெடுநாள் தங்கும். சிறு பிழை தன்னைத்தானே வளர்த்துக் கொள்ளும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

இப்பிழையைத் திருத்தக் கணிதம் மட்டும் போதாது. நேரில் எடுத்த அளவுகளும் வேண்டும். உயர்ந்த பீடபூமிகளில் அளவு நிலையங்கள் மிகச் சிலவே உள்ளன. ஆகையால் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழங்களில் குறிக்கப்படும் மண் வெப்பமும், பனியின் ஆழமும், மண்ணின் ஈரமும் அங்கே பெருமதிப்புடையவை. தவறவிட்ட அளவை ஊகத்தால் நிரப்புதல் கூடாது. அவ்விடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. கேழ்வரகு விதைக்கும் நாளை மழை அறிவிப்பைக் கேட்டு முடிவு செய்யும் குடியானவனிடம் அப்பிழை போய்ச் சேரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பள்ளியில் செய்து காட்ட

ஒரே அளவுள்ள மூன்று மண்சட்டிகளில் ஒரே வகை மண்ணை நிரப்புக. ஒன்றை உலர்ந்தவாறே விடுக; இரண்டாவதில் நீர் ஊற்றுக; மூன்றாவதன்மேல் சுண்ணாம்புத் தூளை மெல்லியதாகப் பரப்புக; இது பனிக்கு உவமை. மூன்றையும் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, விரலகல ஆழத்தில் வெப்பமானியால் அளந்து குறிக்குமாறு மாணவரிடம் கூறுக. மூன்று அளவுகளும் வேறுபடுவதற்குரிய காரணங்களை மாணவரே கூறுவாராயின் இப்பாடத்தின் பயன் கைகூடியதாகும்.