டெல்நெட் நெறிமுறையின் பாதுகாப்பைச் சோதித்தல்

மாணவர்களே, "டெல்நெட் ஏன் பாதுகாப்பற்றது?" என்ற வினாவுக்குப் பலர் "அதில் கடவுச்சொல் இல்லை" என எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். கடவுச்சொல் உண்டு. அது மறைகுறியாக்கப்படாமல் செல்வதே குறை.

இதனை நீங்களே சோதித்து அறியலாம். உங்களுடைய இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றில் டெல்நெட் சேவையகத்தை இயக்குங்கள். அது 23ஆம் துறையில் காத்திருக்கும். மற்றையதில் வயர்ஷார்க்கைத் தொடக்கிவிட்டு, டெல்நெட் மூலம் உள்நுழைந்து, பிடிபட்ட பொதிகளை அவதானியுங்கள். பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரு தடவை தோன்றும். ஒன்று நீங்கள் அனுப்பியது. மற்றையது திரையில் காட்டுவதற்காகச் சேவையகம் திருப்பி அனுப்பியது. கடவுச்சொல்லின் எழுத்துகளோ ஒரு தடவைதான் வரும். சேவையகம் அவற்றைத் திருப்பி அனுப்பாததால் திரை வெறுமையாக இருக்கும். ஆனால் கம்பி வழியே சென்றது எவரும் வாசிக்கக்கூடிய எழுத்தே. திரையில் தெரியாமையை மறைகுறியாக்கம் என மயங்காதீர்கள். (என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது மயங்குவதுண்டு.)

பிறரது வலையமைப்பில் இதனைச் செய்யவேண்டாம். அனுமதியின்றித் தரவை இடைமறித்தல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் இவ்வாறு ஒற்றறியப்பட்டதை அடுத்தே, 1995இல் டாட்டு இலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். அதன் துறை 22. அதே சோதனையை எஸ்எஸ்எச்சில் மீளச் செய்யுங்கள். தொடக்கத்தில் வரும் பதிப்பு விபரத்தையும் வழிமுறைப் பெயர்களையும் வாசிக்கலாம். பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ வாசிக்க முடியாது.